உராய்வில் போனதைக் கணக்கிட்டவர்: பேராசிரியர் அழகையா துரைராஜா

பேராசிரியர் அழகையா துரைராஜா அவர்கள் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் யூன் 11 வந்தால் அவரைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் எங்கள் பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் வெளிவரும். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு சைக்கிள் இருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய்வந்த துணைவேந்தர் என்ற படம் எங்கள் மனங்களில் ஆழப் பதிந்துவிட்டது.

அது உண்மையான படம்தான். அந்த ஆண்டுகளில் அங்கு வணிகம் படித்த மாணவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடாதவர் யார்? வைத்தியர் ஓடினார், நீதவான் ஓடினார், ஆசிரியைமார் பிள்ளையை முன்னுக்கு வைத்துக்கொண்டு ஓடினார்கள். சைக்கிளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் அவர் ஒரு நல்ல மனிதர் என்பதோடு கதை முடிந்துவிடும். அவர் அறிவியலில் என்ன கண்டார், ஒரு பல்கலைக்கழகத்தை எப்படிக் காத்தார், அதனால் எங்களுக்கு என்ன மிஞ்சியது என்பதெல்லாம் அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போய்விடும். அதனால்தான் ஒரு கணக்காளனாக இருந்துகொண்டும் ஒரு மண்ணியல் பொறியியலாளரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

வடமராட்சியில், உடுப்பிட்டிப் பகுதியில் 1934 நவம்பர் 10ஆம் திகதி பிறந்தவர் துரைராஜா. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்தார். அதிபர் பூரணம்பிள்ளை அவர்களின் காலத்து ஹாட்லி என்றால் எங்கள் பெரியவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை. கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் பெயர்போன பள்ளிக்கூடம். கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆய்வு செய்த பேராசிரியர் கிறிஸ்டி எலியேசர் அவர்களும் அதே கல்லூரியின் மாணவர்தான். கடற்கரையோரத்து ஒரு சிறு ஊரின் பள்ளிக்கூடம் இப்படி ஒருவருக்குப்பின் ஒருவராக அனுப்பிக்கொண்டிருந்தது.

1953இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார். பேராசிரியர் ஈ.ஓ.ஈ. பெரேராவை முதல் பீடாதிபதியாகக் கொண்டு 1950இல் தொடங்கிய பொறியியல் பீடம் அப்போது கொழும்பில்தான் இயங்கியது. பேராதனைக்குப் போனது 1964இல். 1957இல் முதல் வகுப்புச் சித்தியுடன் பட்டம் பெற்ற துரைராஜா, அதன் பின் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வுக்காகச் சென்றார்.

கேம்பிரிட்ஜில் அப்போது மண் பற்றிய ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் கென்னத் றொஸ்கோ. இரண்டாம் உலகப்போரில் பல ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்து மீண்டவர். அவரும் அன்ட்று ஸ்கோஃபீல்ட், பீற்றர் றொத் ஆகிய இருவரும் 1958இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். மண்ணை எந்த நிலையிலிருந்து தொடங்கி நெரித்தாலும், கடைசியில் அது ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வந்து சேரும். அதற்குப் பின் கனவளவும் மாறாது, தாங்கும் பலமும் மாறாது, நழுவிக்கொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். எங்கள் பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் இதை ‘அவதிநிலை’ எனலாம். அவதிக் கோணம், அவதி வெப்பநிலை என்று உயர்தர வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல.

கடைசி நிலை தெரிந்துவிட்டது. அங்கே போய்ச் சேரும் வழியில் மண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. துரைராஜாவின் கைக்கு வந்தது அந்தப் பகுதி.

இதை என் தொழில் மொழியில் சொல்ல அனுமதியுங்கள். களிமண்ணை ஓர் உருளையாக வெட்டி, இறப்பர் உறைக்குள் இட்டு, சுற்றிவர நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெல்ல அழுத்துவார்கள். சில சோதனைகளில் மண்ணுக்குள் இருக்கும் நீரை வெளியேற விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். இரண்டு வகையிலும் மண் நடந்துகொள்ளும் விதம் வேறு. கனவளவு ஒன்றில் மாறும், மற்றதில் மாறாது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும்.

துரைராஜா அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் சக்தியைக் கணக்கெடுத்தார். அந்த மண் துண்டுக்குள் வெளியிலிருந்து எவ்வளவு வேலை செலுத்தப்பட்டது? இது வரவு. அதில் எவ்வளவு, அழுத்தத்தை எடுத்தால் திரும்பி வரக்கூடியதாக உள்ளே சேமிக்கப்பட்டது? இது கையிருப்பு. வரவில் கையிருப்பைக் கழித்தால் மிஞ்சுவது திரும்பி வராமல் போனது. துகளோடு துகள் உரசி, வெப்பமாகக் கரைந்து போனது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒவ்வொரு படியிலும் இந்தத் தொகையை அவர் கணித்தார். கணினி மேசைக்கு மேசை இல்லாத காலம் அது.

கணக்கை முடித்தபோது, நீர் வெளியேறினாலும் வெளியேறாவிட்டாலும், திரும்பி வராமல் போன தொகை ஒரே எளிய விதிக்குக் கட்டுப்பட்டு நின்றது. மண்ணின் மீதுள்ள சராசரி அழுத்தம், அது எவ்வளவு சரிந்து உருமாறியது, அந்த மண்ணுக்கேயுரிய உராய்வு மாறிலி ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். கனவளவு மாற்றம் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. வெவ்வேறு புத்தகங்களில் எழுதப்பட்டிருந்த இரண்டு கணக்குகள் ஒரே பேரேட்டில் சமப்பட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கயோலின் களியினதும் மணலினதும் சரிவுத் தன்மைகள் பற்றிய அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேடு 1961ஆம் ஆண்டுக்குரியது. 1963இல் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரின் பெயரில் ‘ஜியோரெக்னிக்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. துரைராஜாவின் சக்திக் கணக்கை அடித்தளமாக வைத்து, ஈரமான களிமண் எப்போது, எவ்வளவு இளகும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் முழுமையான மாதிரி ஒன்று அதிலிருந்துதான் உருவானது. கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் காம் நதியின் பெயரைச் சேர்த்து அதற்குக் ‘காம் களி’ என்று பெயரிட்டார்கள்.

1968இல் றொஸ்கோவும் ஜோன் பேர்லண்டும் அந்தச் சக்திச் சமன்பாட்டைத் திருத்தி இன்னொரு வடிவத்தைத் தந்தார்கள். இன்று பொறியியலாளர்களின் கணினி மென்பொருட்களில் கூடுதலாகப் புழங்குவது அந்தத் திருத்திய வடிவம். அறிவியலில் இது வழக்கமானதுதான். முதலாவது வடிவம் இருந்தால்தான் திருத்திய வடிவம் வரும். இதே பேர்லண்ட்தான் பிற்காலத்தில் பைசா சாய்ந்த கோபுரத்தைக் காப்பாற்றிய குழுவில் முக்கிய பங்காற்றியவர். இலண்டனில் ஜூபிலி பாதாள ரயில் பாதை தோண்டப்பட்டபோது பிக் பென் கோபுரம் சாயாமல் பார்த்துக்கொண்டவர். ஸ்கோஃபீல்ட் தன் முதுமையில், 2005இல், எழுதிய நூலில் துரைராஜாவின் அந்த ஆய்வுக்குரிய இடத்தைக் கொடுத்துப் பதிவுசெய்திருக்கிறார்.

2022 கோடையில் ஹீத்ரோவில் வெப்பம் 40 பாகையைத் தாண்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு இலண்டனில் எத்தனை வீடுகளின் சுவர்கள் வெடித்தன! இந்த நகரத்தின் பெரும்பகுதிக்குக் கீழே கிடப்பது களிமண். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும். காப்புறுதி நிறுவனம் அனுப்பும் பொறியியலாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கும்போது, அவர் பல்கலைக்கழகத்தில் படித்த மண்ணியல் பாடத்துக்குள் உடுப்பிட்டிப் பக்கத்து மனிதர் ஒருவரின் கணக்கும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இங்கு குடிசார் பொறியியல் படிக்கிறார்கள். காம் களி மாதிரியைப் படித்துச் சோதனையும் எழுதுகிறார்கள். அதன் பின்னால் இருக்கும் பெயர் அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட ஆய்வை முடித்த இளைஞருக்கு மேற்குலகில் இடம் கிடைப்பது அக்காலத்தில் கடினமாக இருந்திராது. அவர் திரும்பிப் போனார். பேராதனையில் கற்பித்தார், குடிசார் பொறியியல் பேராசிரியரானார், பொறியியல் பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தார். இலங்கையின் அணைக்கட்டுகளையும் வீதிகளையும் கட்டிய பொறியியலாளர்களில் பெருந்தொகையானோர் அந்தப் பீடத்தில் படித்தவர்கள். அவர்களில் சிங்கள மாணவர்களும் தமிழ் மாணவர்களும் முஸ்லிம் மாணவர்களும் இருந்தார்கள். 1983 யூலைக்குப் பின் தமிழ்க் கல்விமான்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அப்போதும் அவர் அங்கேதான். திறந்த பல்கலைக்கழகத்திலும் சிறிதுகாலம் பணியாற்றினார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவர் பொறுப்பேற்ற நேரத்தை நினைத்துப் பாருங்கள். 1974இல் பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு ஒரு வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகி, பேராசிரியர் வித்தியானந்தனின் கையில் வளர்ந்த நிறுவனம் அது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் வானிலிருந்து இறங்கிய இடங்களில் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மைதானம். துரைராஜா வரும்போது ஊர் முழுவதும் இந்திய இராணுவம். 1990 மார்ச்சில் அவர்கள் போனார்கள். யூனில் மீண்டும் போர். மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. எரிபொருள், சீமெந்து, உரம், மின்கலம் என்று தடைப் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் கொஞ்ச மண்ணெண்ணெயையும் விட்டு விளக்கெரித்துப் படித்தோம். பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தன.

இந்த நிலையில் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவதென்றால் என்ன? விரிவுரை நடத்துவது அதில் சிறு பங்குதான். மரத்தடியிலும் விரிவுரை நடத்தலாம். விரிவுரையாளர்கள் ஒவ்வொருவராகப் போய்விடும் இடத்தில் பாடத்திட்டத்தைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும். சோதனையைத் திகதிக்கு நடத்த வேண்டும். விடைத்தாள்கள் திருத்தப்பட வேண்டும். பெறுபேறுகள் செனற் சபைக்கு வந்து ஒழுங்காகப் பதிவாக வேண்டும். சம்பளமும் மானியமும் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதற்காகப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது. கொழும்புக்குப் பாதை என்று அப்போது இருந்தது முதலில் கொம்படி ஊரியான் வெளி, பிறகு கிளாலிக் கடல்நீரேரி. இரவில் படகில் போக வேண்டும். படகுகள் தாக்கப்பட்டு ஆட்கள் செத்த கடல் அது. உத்தியோகக் கடுதாசி ஒன்று போய்வருவதற்கே வாரக்கணக்காகும்.

அந்தக் கட்டங்களின் நடுவில்தான் விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது. போர் அதை இடம்பெயர்த்தது. யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாகி ஆய்வுரைகளுக்கு மேடை அமைத்ததும் அந்தச் சூழலில்தான். மின்சாரமில்லாத ஊரில் விஞ்ஞானச் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த ஆய்வுரைகளே பதிலாக இருந்தன.

இதன் பெறுமதி எனக்கு விளங்கியது இலண்டனில்தான். அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டு, கணக்காளர் சோதனைகளுக்குப் பதிந்தபோது, என் வணிகமாணிப் பட்டச் சான்றிதழையும் பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்தையும் அனுப்பினேன். அவர்கள் அதைப் பரிசீலித்து, சில பாடங்களிலிருந்து விலக்கு அளித்தார்கள். அனுப்பும்போது, போர் நடந்த ஊரின் பட்டம் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தது உண்மை. அவர்கள் பார்த்தது கடதாசியை மட்டும்தான். அந்தக் கடதாசியில் குண்டுச் சத்தம் இல்லை, பங்கர் இல்லை. ஒரு முறையான பல்கலைக்கழகம் முறையாக நடத்திய சோதனைகளின் புள்ளிகள் இருந்தன. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் எங்கள் வயதுக்காரர் எத்தனையோ பேருக்கு இதே அனுபவம் இருக்கும். வைத்தியர்கள், கணக்காளர்கள், ஆசிரியர்கள் என்று நாங்கள் இங்கு நின்று பிடித்ததற்குப் பின்னால், பல்கலைக்கழகத்தின் பெயர் கெடாமல் அன்றைக்குக் காத்த நிர்வாகம் ஒன்று இருக்கிறது.

இந்த வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அஞ்சலி மட்டும்தான் மிஞ்சும். அவர் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான், 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி, மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் கலாநிதி ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் நாடகமும் அரங்கியலும் படித்த கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளால் கைது செய்யப்பட்டார்; அவர் திரும்பி வரவேயில்லை. சம்பளம் தருவது ஓர் அரசு, நிலம் இருப்பது இன்னோர் ஆயுத அமைப்பின் கட்டுப்பாட்டில் என்ற இடத்தில் அமர்ந்திருந்த துணைவேந்தரால் என்ன பேசியிருக்க முடியும், என்ன பேசியிருக்க வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவர் மறைந்தபின் விடுதலைப் புலிகள் அவருக்கு ‘மாமனிதர்’ என்ற கௌரவத்தை வழங்கினார்கள். அதைக் கொண்டு அவரை உயர்த்துபவர்களும் உண்டு, அதைக் கொண்டே ஐயத்தோடு பார்ப்பவர்களும் உண்டு.

என்னுடைய எண்ணம் இது. அவரிடம் படை இருக்கவில்லை, பத்திரிகை இருக்கவில்லை. இருந்தது ஒரு நிறுவனம். அதன் கதவைத் திறந்தபடி வைத்திருப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். அப்படித் திறந்து வைத்திருப்பதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையில் ஒரு பகுதி மௌனம். காணாமற்போன மாணவியின் தாய்க்கு அந்த விலை மிக அதிகமாகத் தெரியும். அவரோடு வாதாட எனக்கு உரிமையில்லை. ஆனால் கதவு மூடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தென்பகுதிப் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக் கிடந்தன. மூடிய பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். எங்கள் தெருக்களில் அந்த ஆண்டுகளில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

துரைராஜா அவர்கள் இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு 1994 யூன் 11ஆம் திகதி கொழும்பில் காலமானார். அறுபது வயதுகூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து நடந்தது. அவர் காத்து வைத்திருந்த வளாகமும் வெறுமையானது. பிறகு மீண்டும் திறந்தது.

அவருக்கு நிறைவேறாமற் போன விருப்பமொன்று இருந்தது. இலங்கையின் மிகச்சிறந்த பொறியியல் பேராசிரியர்களில் ஒருவர் துணைவேந்தராக இருந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இல்லை. அதை அமைப்பதற்காக அவர் உழைத்தார், போர் விடவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் அந்தப் பீடம் 2014இல் திறந்தபோது அவர் மறைந்து இருபது ஆண்டுகள். இன்று அங்கு படிக்கும் மாணவர்களில் அநேகர் அவர் காலமான பின் பிறந்தவர்கள். அவர்களுடைய பாடத்திட்டத்திலும் அந்தக் களிமண் மாதிரி இருக்கும்.

புலம்பெயர்ந்த எங்களில் சிலர், அவர் மேற்குலகில் தங்கியிருந்தால் எவ்வளவு உயரத்துக்குப் போயிருப்பார், வீணாகிவிட்டாரே என்று பெருமூச்சு விடுவார்கள். வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயில் தேருக்குக் கூடும் பழைய மாணவர்களின் பேச்சிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கணக்காளனுக்கு இந்தப் பேச்சு ஒத்துவராது. செலவு எல்லாம் நட்டமல்ல. எதற்குச் செலவானது என்று பார்த்த பிறகுதான் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தீர்மானிக்க முடியும். அவருடைய பின்னைய வாழ்க்கையின் சக்தி ஆய்வுக் கட்டுரைகளாகச் சேரவில்லை என்பது சரிதான். கடிதங்களிலும் கூட்டங்களிலும் படகுகளிலும் பெறுபேற்றுப் பத்திரங்களிலும் அது போய் முடிந்தது. அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருப்பவர்களே அதை வீண் என்று சொல்வது நியாயமாகாது.

அவருடைய பெயரில் நினைவுப் பேருரைகள் நடக்கின்றன. அது நல்லது. அதோடு இன்னும் இரண்டு காரியங்களை இங்கிருக்கும் நாங்கள் செய்யலாம். ஒன்று, கிளிநொச்சிப் பொறியியல் பீடத்துக்கு ஆய்வுகூட உபகரணமோ, வறிய மாணவருக்கு மாதாந்த உதவியோ, எங்கள் பிள்ளைகளின் தொழில் அனுபவமோ போய்ச் சேர வழி செய்வது. பழைய மாணவர் சங்கங்களின் விருந்துச் செலவில் ஒரு பங்கே இதற்குப் போதும். மற்றது இன்னும் இலகுவானது. பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், மண்ணியல் பாடத்தில் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரை அவர்களுடைய ஆங்கில ஆசிரியர்கள் சரியாக உச்சரிக்கத் திணறியிருப்பார்கள்; எங்கள் பிள்ளைகளாவது அதைப் பிழையில்லாமல் சொல்லட்டும்.

- வெஸ்ட் ஈலிங், இலண்டன்